கடிதம் வேற, உறுதி வேற

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழம காலையில சித்தி மகன் போன் எடுத்தான். அவன் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கான், கொழும்புல ஒரு கடையில வேல செஞ்சு கொஞ்சம் சல்லி சேத்து வச்சிருக்கான். "அண்ணே, நம்ம லயத்துல தொங்கல் காம்பரா விலைக்கு வருதுண்ணே, ஆறு லட்சம் கேக்குறாங்க, கடிதம் எழுதித் தருவாங்களாம், துரையும் சரின்னு சொன்னாராம், வாங்கலாமாண்ணே"ன்னு கேட்டான். லயம்னா தேயிலைத் தோட்டத்துல வேல செய்றவங்களுக்கு வரிசையா கட்டுன வீடு, தொங்கல் காம்பரான்னா அதுல கடைசி ரூம், துரைன்னா தோட்ட மனேஜர். இந்த ரெண்டு வருஷத்துல இதே கேள்விய என்கிட்ட கேட்டவங்க அவனோட சேத்து நாலு பேரு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி சொல்லி முழுசா சொல்ல முடியாமப் போகுது, அதனால எனக்குத் தெரிஞ்சத ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன். நான் லோயர் இல்ல. ஒரு வீடு வாங்குனேன், ஒண்ணு வாங்கப் போயி மாட்டிக்கிட்டேன், இப்ப தாத்தாவோட காணி ஒண்ண விக்க அலைஞ்சுக்கிட்டு இருக்கேன், அதுல படிச்சதுதான் இது.

முதல்ல தம்பி கேட்டதுக்கு பதில். லயக் காம்பராவ யாராலயும் விக்க முடியாது, ஏன்னா அதுல இருக்குறவங்க யாரும் அதுக்கு சொந்தக்காரங்க இல்ல. 1972ல காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து தனியாள் 50 ஏக்கருக்கு மேல வச்சிருந்தத அரசாங்கம் எடுத்துச்சு, 1975ல கம்பனித் தோட்டங்களையும் எடுத்துச்சு, 1992ல இருந்து அத பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு குத்தகைக்குத்தான் குடுத்திருக்காங்க. அதாவது கம்பனியே குத்தகைக்காரன். குத்தகைக்காரனோட சம்பளத்துக்கு வேல பாக்குற துரை ஒரு கடிதத்துல கையெழுத்து போட்டா அது உங்களுக்கு காணி உரிமைய தராது, தரவும் முடியாது. அவரு நல்ல மனுசனா இருக்கலாம், நாளைக்கு மாத்தலாகிப் போயிருவாரு, அடுத்து வர்ற துரைக்கு அந்தக் கடிதம் வெறும் பேப்பரு.

இது நமக்கு ஏன் புரிய கஷ்டமா இருக்குன்னா, நம்ம ஆளுங்க பரம்பரையா "இருக்குறது"தான் வீடுன்னு பழகிட்டோம். பத்தடிக்கு பன்னெண்டடி காம்பரால எங்க அம்மா பொறந்தாங்க, அதே காம்பரால நான் பொறந்தேன், பின்னால குசினி எறக்குனது எங்க அப்பா, சிமெந்து போட்டது எங்க அப்பா, கூரைத் தகரம் மாத்துனது எங்க மாமா. அப்ப அது எங்க வீடுதானன்னு மனசு சொல்லும். மனசு சொல்றது நியாயம், ஆனா சட்டம் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், உறுதி, அதாவது காணிப் பத்திரம், எங்க?

இலங்கையில காணி, வீடு சம்பந்தமா எந்தக் கைமாத்தும் உறுதி எழுத லைசன்ஸ் உள்ள நொத்தாரிசு முன்னாடி, ரெண்டு சாட்சி கையெழுத்தோட, உறுதியா எழுதுனாத்தான் செல்லும். இது நேத்து வந்த சட்டம் இல்ல, 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் இங்க கோப்பித் தோட்டம் போட்டுக்கிட்டு இருந்த காலத்துல வந்தது. விக்கிறேன்னு போடுற ஒப்பந்தத்துக்கும் அதே சட்டம்தான், அதையும் நொத்தாரிசுதான் எழுதணும். முத்திரை ஒட்டுன பேப்பர்ல எழுதினாலும், தலைவர் சாட்சி போட்டாலும், கோயில்ல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணாலும், நொத்தாரிசு இல்லாம காணி மாறாது.

இது எனக்கு எப்பிடி தெரியும்னா நானே செஞ்ச தப்பு அது. 2017ல கம்பளை பக்கம் ஒரு வீடு பாத்தோம், மூணு ரூம், முன்னாடி ஒரு கொய்யா மரம், அம்மாவுக்கு ரொம்ப புடிச்சுப் போச்சு. வேற ஆளும் கேட்டு வந்திருக்காங்க, இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்தா உங்களுக்குன்னு சொன்னாங்க, நானும் ரெண்டு லட்சத்த எண்ணிக் குடுத்து ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி வாங்கிக்கிட்டு வந்துட்டேன். அப்புறம்தான் உறுதியோட போட்டோ கொப்பிய எடுத்துக்கிட்டு ஒரு லோயர்கிட்ட போனேன், அவங்க ஒரு வயசான அம்மா, கொப்பியோட மேல் மூலைய காட்டி "இந்த நம்பர தேடிப் பாத்தீங்களா மகன்"ன்னு கேட்டாங்க. எனக்கு அது என்னன்னே தெரியாது.

அதுதான் பதிவேட்டு நம்பர். ஒவ்வொரு காணிக்கும் காணிப் பதிவகத்துல ஒரு ஃபோலியோ இருக்கும், எழுத்து, வொலியும் நம்பர், பக்க நம்பர்னு வரும். ஒரு பெரிய புத்தகத்துல அந்தப் பக்கத்த தெறந்தா யாரு யாருக்கு எழுதுனாங்க, எந்த நொத்தாரிசு, எந்தத் தேதி, எவ்ளோ காசு, எல்லாம் வரிசையா இருக்கும். பக்கம் முடிஞ்சா எந்த வொலியுமுக்கு கொண்டு போயிருக்குன்னு கீழ எழுதியிருப்பாங்க, அங்க போயி மறுபடி பாக்கணும், பாதியில நிப்பாட்டக் கூடாது. விக்கிற ஆளு காட்டுற உறுதி அவருக்கு காணி வந்த கதையத்தான் சொல்லும், வந்ததுக்கு அப்புறம் அவரு என்ன செஞ்சாருங்குறத ஃபோலியோதான் சொல்லும். அந்த கொய்யா மர வீட்டோட ஃபோலியோவுல கடைசி வரிக்கு முந்தின வரியில ஒரு பங்கு வழக்கு பதிஞ்சிருந்துச்சு. அண்ணன் தம்பி நாலு பேரு, 1977ஆம் ஆண்டு பங்குச் சட்டத்துக்கு கீழ கோர்ட்டுல வழக்கு நடக்குது, அதுல ஒரு தம்பி தன் பங்கு என்னன்னே தெரியாம முழு வீட்டையும் எனக்கு விக்கப் பாத்திருக்காரு. வழக்கு பதிஞ்ச பின்ன வாங்குனவன் அந்தத் தீர்ப்புக்கு கட்டுப்பட்டுத்தான் ஆகணும். ரெண்டு லட்சத்த திருப்பி வாங்க எனக்கு 14 மாசம் ஆச்சு, பத்தாயிரம் இருவதாயிரமா. அம்மா இப்பவும் அந்தப் பக்கம் பஸ்ல போனா கொய்யா மரத்த பாக்க மாட்டாங்க.

அதனால வரிசைய மாத்திடாதீங்க. முதல்ல போட்டோ கொப்பி கேளுங்க, உறுதி, பிளான், சபைக்கு கட்டுற சோலை வரி (வீட்டு வரி) பில்லு மூணும். தராதவங்ககிட்ட வீடு பாக்கவே போகாதீங்க. அடுத்தது லோயர் மூலமா பதிவேட்ட தேடுங்க, குறைஞ்சது முப்பது வருஷத்து சரித்திரம், அதுக்கு மேல போனா இன்னும் நல்லம். அதுக்கு அப்புறம்தான் அட்வான்ஸ், அதுவும் நொத்தாரிசு எழுதுன ஒப்பந்தத்தோட. தேடுறதுக்கு ஆகுற செலவு அட்வான்சுல ஒரு துளி, அதுல போயி மிச்சம் பிடிக்க வேணாம்.

ரெண்டாவதா பாத்த வீடுதான் இப்ப நாங்க இருக்குறது. விக்க வந்தவரு ஒரு சிங்களவரு, பாடசாலையில படிப்பிச்சவரு, ரொம்ப நேர்மையான மனுசன், எல்லா கொப்பியையும் ஒரு ஃபைல்ல போட்டு அவரே கொண்டாந்து குடுத்தாரு. ஃபோலியோ சுத்தம். ஆனா அதே லோயர் அம்மா உறுதிய வாசிச்சிட்டு ஒரு எடத்துல நிறுத்துனாங்க. அவருக்கு அந்தக் காணிய அவரோட அம்மா நன்கொடை உறுதியா எழுதிக் குடுத்திருக்காங்க. கண்டிச் சிங்களவங்களுக்கு கண்டியச் சட்டம்னு தனியா ஒண்ணு இருக்கு, அதுல நன்கொடை குடுத்தவங்க உயிரோட இருக்குற வரைக்கும் அத ரத்து பண்ணலாம், அந்த உரிமைய விட்டுட்டேன்னு உறுதியிலேயே எழுதியிருந்தாலோ வேற சில விதிவிலக்குலயோ தவிர. இந்த உறுதியில அப்பிடி ஒரு வரியும் இல்ல. அப்ப நான் காசு குடுத்து வாங்கி, நாளைக்கு அந்த அம்மா ரத்து பண்ணா எனக்கு வந்த உரிமையும் சேந்து போயிரும்.

நான் பயந்துட்டேன், விட்டுரலாம்னு நெனச்சேன். லோயர் அம்மாதான் "அவங்க இருக்காங்களா, போயி பாருங்க"ன்னு சொன்னாங்க. போனோம். எம்பதத் தாண்டிய ஆச்சி, வாசல்ல மெளகா காய வச்சுக்கிட்டு இருந்தாங்க, மகன் விசயத்த சொன்னதும் கண்ணாடிய தேடி எடுத்து போட்டுக்கிட்டு உறுதிய முழுசா வாசிச்சாங்க, ஒரு பக்கமும் விடல. வாசிச்சு முடிச்சு என்னப் பாத்து "புத்தே, நான் குடுத்தத திருப்பி கேக்க மாட்டேன், ஆனா நீ எழுதி வாங்குறதுதான் சரி"ன்னாங்க. அந்த உரிமைய விட்டுக் குடுக்குறதா நொத்தாரிசு முன்னாடி எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்தாங்க. அடுத்த வருஷம் செத்துப் போனாங்க, நாங்க எல்லாரும் போனோம்.

கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளை பக்கம் வீடு வாங்குற நம்மாளுங்க இத கட்டாயம் கவனிக்கணும். இன்னொன்னும் இருக்கு, நன்கொடை உறுதியில "சீவிய உரித்து" வச்சிருக்காங்களான்னு பாருங்க. வச்சிருந்தா அந்தப் பெரியவங்க உயிரோட இருக்குற வரைக்கும் அந்த வீட்டுல இருக்க அவங்களுக்கு உரிமை இருக்கு, நீங்க வாங்கினாலும் வெளிய போகச் சொல்ல முடியாது. நீங்க அப்பா அம்மாவா இருந்து பிள்ளைக்கு எழுதுறதா இருந்தா, தயவு செஞ்சு அந்த உரித்த வச்சு எழுதுங்க. அன்புல எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டு கடைசி காலத்துல ரூம் ரூமா அலையுற பெரியவங்கள நான் பாத்திருக்கேன். நமக்கு, அதாவது மலையகத் தமிழருக்கு, யாழ்ப்பாணத் தமிழருக்கு உள்ள தேசவழமையும் இல்ல கண்டியச் சட்டமும் இல்ல, பொதுச் சட்டம்தான், அதுல நன்கொடைய திருப்பி எடுக்குறது கோர்ட்டுக்கு போயி நிரூபிக்க வேண்டிய வேல.

கண்டிப் பக்கம் பழைய உறுதிகள்ல காணி அளவே வேற மாதிரி இருக்கும். ஏக்கர், ரூட், பேர்ச்சுன்னு இருக்காது, ஒரு பெல விதைப்பு, ரெண்டு லாஹ விதைப்புன்னு நெல்லு வெதைக்கிற அளவுல இருக்கும். எல்லையும் அப்பிடித்தான், கிழக்கே வேலி, மேற்கே ஓடை, வடக்கே தேயிலைத் தோட்டம். அந்த வேலி எங்க போச்சு, ஓடை எத்தன தடவ திசை மாறுச்சு? அதனால லைசன்ஸ் உள்ள சர்வேயர வச்சு புதுசா அளந்துட்டுத்தான் வெல பேசணும். எங்க வீட்டுக்கு உறுதியில 15 பேர்ச், அளந்து பாத்தா 12.8 பேர்ச், மீதி ரோட்டுக்கும் பக்கத்து வீட்டு சுவருக்கும் போயிருச்சு. வெலயில குறைச்சாரு, சண்ட இல்லாம. பாதையும் பாருங்க, மலைநாட்டுல பாதி வீட்டுக்கு வழி அடுத்தவன் காணிக்குள்ள போற படிக்கட்டுதான், அது உறுதி அட்டவணையில எழுதியிருக்கணும். தண்ணியும் அப்பிடித்தான், மேல் வீட்டு ஊத்துல இருந்து குழாய் போட்டு எடுத்துக்கிட்டு இருப்பாங்க, "அது சும்மா தருவாங்க"ம்பாங்க. ஆள் மாறுனா தர மாட்டாங்க.

மண்ணு பத்தி ஒண்ணு. 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்த மீரியபெத்தையில காலையில மலை எறங்கி லயத்த மூடுனத நம்ம யாரும் மறக்கல. மறக்கல, ஆனா வீடு பாக்குறப்ப மட்டும் வெல குறைவா இருக்குன்னு சரிவுல போயி நிக்கிறோம். நம்ம மாவட்டங்கள்ல மண்சரிவு அபாயம் இருக்குற எடத்துல புதுசா கட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தோட அறிக்கை இல்லாம பிரதேச சபை பிளான் பாஸ் பண்ணாது. கட்டுன வீட்ட வாங்குறவங்களும் அந்த அறிக்கை, பிளான் அனுமதி, கட்டி முடிச்சதுக்கான பொருத்தச் சான்றிதழ் இதெல்லாம் இருக்கான்னு கேளுங்க. இல்லாத வீட்டுக்கு பேங்க்ல லோன் எடுக்குறதும் கஷ்டம். பின்னாடி மேடு வெட்டுன சுவர போயி கையால தடவிப் பாருங்க, வெடிப்பு இருக்கா, மழை இல்லாத நாள்லயும் சேத்துத் தண்ணி கசியுதா, மேல உள்ள மரம் சாஞ்சு நிக்குதா. எந்த உறுதியும் அந்த மேட்ட புடிச்சு நிறுத்தாது.

அப்புறம் விக்கவே முடியாத, இல்லன்னா அனுமதி இல்லாம விக்க முடியாத காணி வகை சிலது இருக்கு, வேகமா சொல்லிடுறேன். பேர்மிட் காணி, ஜயபூமி, சுவர்ணபூமி மாதிரி அரசாங்கம் குடுத்த அளிப்புக் காணி எல்லாம் 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு கீழ வர்றது, பிரதேச செயலாளரோட அனுமதி இல்லாம கைமாத்துனா செல்லாது. விகாரைக்கும் தேவாலைக்கும் சொந்தமான காணி கண்டி சுத்தி நெறைய இருக்கு, அதுல ஆளுங்க தலைமுறையா வீடு கட்டி இருப்பாங்க, அத மத்த காணி மாதிரி சும்மா ஒரு கிரய உறுதியில வாங்கிட முடியாது. பழைய தோட்டத்த துண்டு போட்டு விக்கிறாங்கன்னா காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்கு அந்தத் துண்டுல உரிமை இல்லைன்னு எழுத்துல வாங்கணும், தேயிலைக் காணிய துண்டாடுறதுக்கும் தனியா ஒரு சட்டம் இருக்கு, அதோட அனுமதியையும் லோயர்கிட்ட கேளுங்க. தோட்டத்துல 7 பேர்ச் காணியோட கட்டிக் குடுத்த புது வீடுகளையும் சிலர் விக்கிறாங்கன்னு கேள்விப்படுறேன். கையில இருக்குறது என்ன காகிதம், அதுல விக்கக் கூடாதுன்னு நிபந்தனை இருக்கான்னு வரிக்கு வரி வாசிக்காம ஒரு ரூவா குடுக்காதீங்க. நான் இன்னொன்னும் சொல்வேன், அத விக்கவும் செய்யாதீங்க. சொந்தக் காணின்னு ஒண்ணு கிடைக்க நம்ம தலைமுறை எத்தன பட்டிருக்கு.

இப்ப மொழி. இதத்தான் நான் ரொம்ப மனசு நொந்து எழுதுறேன். மலைநாட்டுல உறுதி பாதிக்கு மேல சிங்களத்துல எழுதுறாங்க, கொஞ்சம் இங்கிலீசுல. நம்மாளுங்க வாசிக்காம, "எங்க போடணும்"னு மட்டும் கேட்டு கையெழுத்து போட்டுட்டு வர்றாங்க.

எங்க மாமா, அம்மாவோட அண்ணன், ஒரு டவுன்ல சின்ன வீடு வாங்கி வச்சிருந்தாரு, முப்பது வருஷம் கடையில நின்ன உழைப்பு. மகள் வெளிநாடு போக மூணு லட்சம் தேவப்பட்டுச்சு, வட்டிக்கு குடுக்குறவரு ஒருத்தர் "உறுதிய ஈடு வைங்க, வட்டிய மாசா மாசம் குடுங்க"ன்னு சொல்லி அவரே ஒரு நொத்தாரிசுகிட்ட கூட்டிக்கிட்டுப் போயிருக்காரு. மாமா சிங்களம் நல்லா பேசுவாரு, வாசிக்கத் தெரியாது. போட்டாரு. நாலு வருஷம் வட்டி கட்டி, முதலையும் சேத்து எடுத்துக்கிட்டு போனப்ப அந்த ஆளு கேட்டது "எந்த ஈடு? நீங்க எனக்கு வித்துட்டீங்களே". வாசிச்சுப் பாத்தா அது அறுதிக் கிரய உறுதி. மாமா அந்த உறுதிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல உக்காந்திருந்தது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது, டீ குடுத்தோம், ஆறிப்போற வரைக்கும் அப்பிடியே வச்சிருந்தாரு.

ஒரேயடியா வழி இல்லாம இல்ல. 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்துல 83ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, எழுதிக் குடுத்தவரு உண்மையில சொத்த முழுசா குடுக்க நெனைக்கலன்னு சூழ்நிலைய வச்சு தெரிஞ்சா, எழுதி வாங்குனவரு அத நம்பிக்கைப் பொறுப்பாத்தான் வச்சிருக்காருன்னு கோர்ட்டு சொல்லலாம். வெல ரொம்ப குறைவா இருந்தது, எழுதுன பின்னாலயும் மாமாவே வீட்டுல இருந்தது, சோலை வரி அவரே கட்டுனது, வட்டி குடுத்த துண்டுச் சீட்டு, இதெல்லாம் உதவுச்சு. ஏழு வருஷம் இழுத்து சமாதானத்துல முடிஞ்சது, வாங்குன சல்லிக்கு ரெண்டு மடங்குக்கு மேல குடுத்து வீட்ட மீட்டாரு. ஒரு உறுதிய தமிழ்ல வாசிச்சுக் காட்ட ஒரு ஆள கூட்டிக்கிட்டுப் போயிருந்தா அந்த ஏழு வருஷமும் போயிருக்காது.

நொத்தாரிசுக்கு இன்ன இன்ன மொழியில எழுதலாம்னுதான் லைசன்சு குடுக்குறாங்க. தமிழ்ல எழுதுற நொத்தாரிசு இருக்காங்க, தேடுங்க. அப்பிடி கிடைக்கலன்னாலும் எழுதுனத உங்களுக்கு புரியுற மொழியில விளக்கச் சொல்லி கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு, கூச்சப்பட வேணாம். முக்கியமா, நொத்தாரிசு உங்க ஆளா இருக்கணும், காசு குடுக்குறவரு கூட்டிக்கிட்டு வர்ற ஆளா இருக்கக் கூடாது. உறுதியோட கடைசி பக்கத்துல நொத்தாரிசோட அத்தாட்சி இருக்கும், அத கட்டாயம் வாசிங்க. காசு என் முன்னாடி குடுக்கப்பட்டதா இல்லையா, எந்த எடத்துல என்ன வெட்டித் திருத்தியிருக்கு எல்லாம் அங்கதான் எழுதியிருக்கும். காச பேங்க் காசோலையா அவர் முன்னாடியே குடுங்க.

எழுதியாச்சு, முடிஞ்சதுன்னு வீட்டுக்கு வந்துராதீங்க. நொத்தாரிசு தன்னோட இரண்டாம் பிரதிய பதிவகத்துக்கு அனுப்புவாரு, ஆனா அது வேற, உங்க மூல உறுதிய ஃபோலியோவுல பதியுறது வேற. பதியாம வச்சிருந்து, அதே ஆளு அதே காணிய வேற ஒருத்தருக்கு காசுக்கு எழுதி, அவரு முந்திக்கிட்டு பதிஞ்சுட்டாருன்னா 1927ஆம் ஆண்டு ஆவணப் பதிவுச் சட்டப்படி அவரு பதிவுதான் நிக்கும், அவரு மோசடி செய்யலைன்னா. பெட்டியில பத்திரமா வச்சிருந்த உறுதி தோத்துப் போகும். பதிஞ்ச பின்ன பிரதேச சபையிலயோ மாநகர சபையிலயோ போயி சோலை வரிய உங்க பேருக்கு மாத்துங்க.

செலவுல பெருசு முத்திரை வரி, மாகாண சபைக்கு போறது, வாங்குறவங்கதான் கட்டணும். முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 50 லட்சத்து வீடுன்னா 3,000ம் 1,96,000ம் சேத்து 1,99,000 ரூவா. இத குறைக்க உறுதியில வெலய குறைச்சு எழுதச் சொல்வாங்க. வரிய சந்தை மதிப்புலதான் பாப்பாங்க, அதோட நாளைக்கு ஏதாச்சும் வழக்குன்னு வந்தா நீங்க குடுத்ததுக்கு சாட்சி அந்த குறைச்ச தொகைதான். விக்கிறவங்களுக்கு 2018 ஏப்ரல்ல இருந்து மூலதன ஆதாய வரி இருக்கு, ஆனா அது உங்க பிரதான வீடா இருந்து, விக்கிறதுக்கு முந்தின மூணு வருஷம் உங்க பேர்ல இருந்து அதுல ரெண்டு வருஷமாவது நீங்க குடியிருந்திருந்தா விலக்கு கிடைக்கும், அதுக்கு கரண்ட் பில்லு, வாக்காளர் இடாப்பு பிரதி எல்லாம் எடுத்து வைங்க.

இப்ப நான் மாட்டிக்கிட்டு நிக்கிற விசயம். எங்க தாத்தா 1957ல நாவலப்பிட்டி பக்கம் 20 பேர்ச் காணி வாங்கினாரு, அந்தக் காலத்துல தோட்டத்து ஆளு ஒருத்தர் காணி வாங்குறதுன்னா பெரிய விசயம். 1983ல செத்தாரு, மரண சாசனம் எழுதல. பொதுச் சட்டப்படி பாதி பாட்டிக்கு, மீதி பாதி மூணு பிள்ளைங்களுக்கு சமமா. பாட்டியும் போன பின்ன ஆளுக்கு மூணுல ஒரு பங்கு, பொண்ணு பையன்னு வித்தியாசம் இல்ல, அத்தைக்கும் அதேதான். பிரச்சினை பெரியப்பா. அவரு நம்மாளுங்கள இந்தியாவுக்கு அனுப்ப ரெண்டு அரசாங்கமும் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துல போனவரு, கோத்தகிரி பக்கம் தேயிலையிலேயே வேல செஞ்சு அங்கேயே செத்துட்டாரு. அவரோட மூணுல ஒண்ணுல பாதி பெரியம்மாவுக்கு, மீதி மூணு பிள்ளைங்களுக்கு, அதாவது ஆளுக்கு 18ல 1. இந்தியப் பிரசையா இருந்தாலும் வாரிசா வந்த பங்கு அவங்களுக்குத்தான், 2014ஆம் ஆண்டு வெளிநாட்டவர் காணி வாங்குறத தடுக்குற சட்டம் வாரிசா வர்றத தடுக்கல.

"அவங்க நாப்பது வருஷமா வரவே இல்லையே, பத்து வருஷம் ஆண்டா நமக்குத்தான சொந்தம்"னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. ஆட்சியுரிமைச் சட்டம் 10 வருஷம்னு சொல்றது சரிதான், ஆனா கூட்டுப் பங்காளிகளுக்கு இடையில சும்மா இருந்ததே போதாது, உன் பங்க மறுக்குறேன்னு வெளிப்படையா நடந்தத நிரூபிக்கணும், அப்ப கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1911லேயே தீர்த்து வச்ச விசயம். இதவிட, எனக்கு அப்பிடி செய்ய மனசும் இல்ல. பெரியப்பா விருப்பப்பட்டு போகல.

அதனால நாலு பேரும் சென்னையில இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்துல கையெழுத்து போட்டு அற்றோனித் தத்துவம், அதாவது அவங்களுக்காக நான் கையெழுத்து போட அதிகாரம் குடுக்குற பத்திரம், அனுப்பணும், அத இங்க பதியணும், அப்புறம்தான் அவங்க சார்பா நான் விக்க முடியும். அற்றோனி குடுத்தவரு செத்தா அந்த அற்றோனியும் செத்துரும், அதனால யாராச்சும் அற்றோனி வச்சு விக்க வந்தா குடுத்தவரு உயிரோட இருக்காரான்னு கேளுங்க, முடிஞ்சா வீடியோ கோல் எடுத்து முகத்த பாருங்க. பேரும் ஒரு தலைவலி. தாத்தா பேரு உறுதியில ஒரு விதம், மரணச் சான்றிதழ்ல ஒரு விதம், பெரியப்பாவோட இந்தியப் பாஸ்போட்டுல தகப்பன் பேரு இன்னொரு விதம். தோட்டத்து கிளாக்கர் காதுல விழுந்தபடி எழுதுனது, பழனியாண்டி பலனியாண்டி ஆகும், மூக்காயி முக்காயி ஆகும். ஒரே ஆளுதான்னு சத்தியக்கடதாசி முடிக்கிறோம், உங்க வீட்டுல பெரியவங்க உயிரோட இருக்குறப்பவே இத சரி பண்ணி வைங்க. சல்லி இல்லாதவங்க கோர்ட்டு வளாகத்துல இருக்குற சட்ட உதவி ஆணைக்குழு ஒப்பீசுக்கு போங்க, வருமானம் குறைஞ்சவங்களுக்கு இலவசமா பாத்து சொல்வாங்க.

பெரியம்மாவுக்கு 84 வயசு, கோத்தகிரியில இருந்து சென்னைக்கு ராத்திரி பூரா பஸ்ல வரணும். போன வாரம் வீடியோ கோல்ல பேசுனேன், காசு பத்தி ஒரு வார்த்த கேக்கல. காணியில பலா மரம் இன்னும் நிக்குதான்னுதான் கேட்டாங்க. நிக்குது. மழை குறைஞ்சதும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, அதுவரைக்கும் வாங்க வந்தவருகிட்ட அட்வான்ஸ் வாங்காம வச்சிருக்கேன்.

தம்பி, ஆறு லட்சத்த பேங்க்லேயே வை. நாவலப்பிட்டிப் பக்கம் உறுதி உள்ள ஒரு துண்டு வருது, ஃபோலியோ நம்பர் கேட்டிருக்கேன், அடுத்த சனிக்கிழம நீயும் வா, ரெண்டு பேருமா போயி தேடுவோம்.